நீலமே இல்லாத நீலக் கதிரை

இன்று காலையும் பல் தீட்டும்போது நீ வந்துவிட்டாய். கிணற்றடியில் வாய் நிறைய நுரையோடு நிற்கும்போதுதான் வருகிறாய், என்னால் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்து. அந்தப் புதினா மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் வீட்டு முன்னறை மணக்கத் தொடங்குகிறது. எண்ணெய், டர்பன்டைன், உன் மருந்துக் குளிசைப் பை, ஜன்னலால் வரும் உப்புக்காற்று. மூன்று தரம் கொப்பளித்தேன். போகவில்லை. குசினிக்குள் இருந்து அம்மா கேட்டார்: "பல்லுத் தீட்டுறியா, கிணத்தை இறைக்கிறியா?" முந்தியென்றால் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்திருக்கும். இப்போது அம்மா கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்.

"பல்லைப் போய் யாராச்சும் தீட்டுவாங்களா? கத்தியத்தான் தீட்டுவாங்க." நீ எனக்குச் சொன்ன முதல் வசனங்களில் ஒன்று. ஆறாம் ஆண்டில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து உன் குடும்பம் மன்னாருக்குத் திரும்பி வந்த மாதம். திரும்பி வந்தது உன் அப்பாவும் அம்மாவும்தான். நீ பிறந்ததே அங்கே. அதனால் உனக்கு அது திரும்புதல் அல்ல, முதல் தரம் வந்ததுதான்.

வகுப்புக்கு வந்த முதல் நாள் டீச்சர் என் பக்கத்துக் கதிரையைக் காட்டி, "இருங்கோ பிள்ளை" என்றார். நீ நின்றாய். "இருங்கோ" என்றார் மறுபடியும். நீ இன்னும் நேராக நின்றாய். உன் ஊரில் இரு என்றால் பொறு என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. எங்கள் ஊரில் இரு என்றால் உட்கார் என்று உனக்கும் தெரியாது. நீ மரியாதையாகப் பொறுத்துக்கொண்டு நின்றாய், டீச்சருக்கு முகம் சிவந்துகொண்டு வந்தது. நான் எழும்பிச் சொன்னேன்: "அவள் இருக்கிறாள்தானே டீச்சர். மூச்சு விடுறாள், பாருங்கோ." வகுப்பே சிரித்தது. விளங்காமல் நீயும் சிரித்தாய். இப்போது அதை நினைத்தால் என் நாக்கைப் பிடித்து இழுக்கவேண்டும் போல இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் அதுவே விளையாட்டு. "பின்னேரம் வா, நான் வீட்டில நிக்கிறன்" என்பேன். "ஏன் நிக்கிற? கால் வலிக்கும், உக்காரு" என்பாய். நீ சித்திரக் கொப்பியில் பஸ் நிலையத்துக் கழுதை ஒன்றைக் கீறி வைத்திருந்தாய், தோல் சொறிந்த இடம் வரைக்கும் அச்சொட்டாக. நீ இல்லாத நேரம் அதன் கீழே "இது நான்தான்" என்று உன் கையெழுத்திலேயே எழுதி வைத்தேன். அடுத்த நாள் கொப்பியைத் திறந்தால் கழுதைக்கு இரட்டைப் பின்னல், நான் கட்டும் மாதிரியே வெள்ளை ரிபனோடு. உன் பழிவாங்கலுக்குச் சத்தம் இருக்காது. அதை நான் மறந்திருக்கக் கூடாது.

போன வருடம் அதே பஸ் நிலையத்தில்தான் சொன்னாய். கிளினிக்கால் வந்திருந்தாய், கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எனக்கு வருத்தமாம்டி."

நீ உன் ஊர்த் தமிழ் பேசுகிறாய் என்று நினைத்தேன். "என்ன வருத்தம்? ஆர் உனக்கு ஏசினது? சொல்லு, அவளின்ர சைக்கிளுக்குக் காத்தைத் திறந்து விடுறன்."

"இல்லடி. உங்க வருத்தம்."

எங்கள் வருத்தம். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். "ரத்தத்துல" என்றாய். ஆறு வருடமாக எங்கள் தமிழை உனக்குப் பழக்கிக்கொண்டு இருந்தவள் நான். முழுதாகப் பழகியதைக் காட்ட நீ அந்தச் சொல்லைத்தானா எடுக்கவேண்டும்?

பள்ளிக்கூடம் நின்றது. மாதத்தில் பாதி ஆஸ்பத்திரி, பாதி வீடு. அந்த நேரத்தில்தான் இன்னும் முகாமிலேயே இருக்கிற உன் மாமா, ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்திடம் ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிறவரிடம் வேலை செய்கிற மாமா. பொதிக்குள் எண்ணெய் வர்ணம் நாலு ரியூப்: வெள்ளை, மண் மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஒரு சின்னப் போத்தலில் எண்ணெய், இன்னொன்றில் டர்பன்டைன். நான் ரியூப்களைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தேன்.

"நீலம் எங்க?"

"மாமா மறந்துட்டாரு போல."

"சுத்திவரக் கடல் இருக்கிற தீவு. உன்ர மாமா அதை மட்டும் விட்டுட்டு அனுப்பினவர்."

நீ சிரித்துவிட்டு, "இது போதும்" என்றாய். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாய். "உன்னைத்தான் வரையப் போறேன். உக்காந்திருக்க மாதிரி. வாழ்க்கையில ஒரு நாளாவது உன்னைச் சும்மா உக்கார வச்சுப் பாக்கணும்."

மேசன் வேலை செய்கிற உன் அப்பா ஒரு ஹார்ட்போர்ட் துண்டை அளவாக வெட்டி, சுவருக்கு அடிக்கிற வெள்ளையை இரண்டு பூச்சுப் பூசித் தந்தார். வர்ணம் கலக்க உடைந்த டைல்ஸ் ஒன்றும் தந்தார். எங்கள் வீட்டிலிருந்து நான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த நீலப் பிளாஸ்ரிக் கதிரையை ஜன்னல் பக்கத்தில் வைத்தாய். சனிக்கிழமைப் பின்னேரங்கள். கச்சான் காற்றுக்காலம், வெளியே தாழ்வுபாட்டு வீதி முழுக்க மண் பறந்துகொண்டிருந்தது. ஜன்னலால் வந்த வெளிச்சம்கூடக் கொஞ்சம் தூசி பூசிக்கொண்டுதான் வந்தது.

"கதிரை நீலமெல்லோ. என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன். நீ கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் எடுத்தாய். சுவரையும் என் கையையும் மஞ்சளும் சிவப்புமாக ஏற்கெனவே மெல்லியதாகப் போட்டிருந்தாய். அதன் நடுவே சாம்பலை வைத்தாய். எழும்பி வந்து பார்த்தேன். கதிரை நீலம். சத்தியமாக நீலம். ரியூப் ஒன்றை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாய் என்று உன் பாயைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். நீ என் இரண்டு கைகளையும் பிடித்து, கதிரையைத் தவிர மற்றதெல்லாம் மறையும்படி படத்தின்மேல் கூடு மாதிரி வைத்தாய். கைக்கூட்டுக்குள் வெறும் சாம்பல். கையை எடுத்தாய். நீலம்.

"பக்கத்துல என்ன இருக்கோ, அதை வச்சுத்தான்" என்றாய்.

எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்தாய். காய்ந்த தூரிகையால் விளிம்பை இலேசாகத் தடவித் தடவி, கதிரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்வாய். என் தோளின் கோட்டை நீ அழித்தபோது, "என்ர தோளை ஏன் துடைக்கிறாய்?" என்று சண்டைக்கு வந்தேன். "கோடு போட்டா காத்து உள்ள வராதுடி" என்றாய். பத்து நிமிடம் செய்வாய், பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாய். அந்த நேரங்களில் நான் முகத்தைச் சுளித்தேன், மூக்கில் உடுப்புக் கிளிப் மாட்டினேன். நீ படத்தைக் குனிந்து பார்க்கும் ஒவ்வொரு தரமும் கதிரையை ஒரு விரல் அளவு கதவுப் பக்கம் திருப்பினேன். மூன்றாம் சனிக்கிழமை நீ கதிரைக் காலை நாலு தரம் அழித்து அழித்துப் போட்டாய்.

"கதிரைக்குக் கால் முளைச்சிருக்கு."

"அதுக்கு ஏற்கெனவே நாலு கால்."

"இருடி" என்று கெஞ்சினாய். "கொஞ்சம் இரு."

சுவர், ஜன்னல், கதிரை, என் கைகள், சட்டை மடிப்பு எல்லாம் வந்துவிட்டன. முகம் மட்டும் இல்லை. நான்காம் சனிக்கிழமை அதற்கென்று வைத்திருந்தாய். திங்கட்கிழமை உன்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், எத்தனை மாதம் என்று ஒருவருக்கும் தெரியாது. "முகத்தை முடிச்சுட்டுப் போயிட்டா, அங்க படுத்துக்கிட்டு நினைச்சுக்கலாம். ஒண்ணாவது முழுசாப் பண்ணினேன்னு" என்றாய். வெள்ளை ரியூப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி விரித்து, உள்ளே ஒட்டியிருந்ததைக்கூடச் சுரண்டி டைல்ஸில் ஒரு நெல்லிக்காய் அளவு வைத்தாய். பிறகு உனக்குப் பிரட்டிக்கொண்டு வர, வாயைப் பொத்தியபடி வீட்டுக்குப் பின்னால் ஓடினாய்.

நான் தனியே இருந்தேன். ஜன்னல் விளிம்பில் உன் பற்பசை இருந்தது.

ஒரு சொல்லுக்காகச் செய்தேன். படமும் தீட்டுவது, பல்லும் தீட்டுவது. நீ தூரிகையைத் தொட்டு, மணந்து, "சீ" என்று என்மேல் எறியும்போது, "தீட்டத்தானே கேட்டனீ, தீட்டு" என்று சொல்லவேண்டும். வசனம் நாக்கு நுனியில் நின்றது. உன் வெள்ளையை அப்படியே வழித்துப் பேப்பர்த் துண்டில் மடித்து என் புத்தகப் பைக்குள் வைத்தேன். சிரித்து முடித்தபிறகு தருவதற்கு. அதே இடத்தில் அதே அளவு பற்பசை வைத்தேன்.

நீ வந்தாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தாய். கலந்தாய். எறியவில்லை.

"கொஞ்சம் திக்கா இருக்கு" என்று எண்ணெயை இன்னும் கொஞ்சம் விட்டாய். குழைத்துக் குழைத்துப் பார்த்தாய். மருந்து உன் கண்ணையும் மங்க வைத்திருந்தது. என் நெற்றியில் முதல் பூச்சை வைத்தாய். இப்போது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். கன்னத்தில் வைத்தாய். இப்போது. நீ மெல்லச் சிரித்துக்கொண்டு இருந்தாய், அந்த மாதத்தில் நான் காணாத சிரிப்பு. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். நான் அசையவில்லை. கண்ணை அந்த டைல்ஸில் இருந்து எடுக்க முடியவில்லை.

முடிந்ததும் தூரிகையைக் கீழே வைத்து, எங்கள் தமிழில், என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகவே சொன்னாய்: "இண்டைக்குத்தான் நீ இருந்தனீ."

அந்தப் பேப்பர்ப் பொதியை ஞாயிற்றுக்கிழமை திறந்து விரலால் அமத்திப் பார்த்தேன். மெதுமெதுவென்று இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். திங்கட்கிழமை நீ போனபிறகும் மெத்தென்றுதான் இருந்தது. வியாழக்கிழமை தோல் கட்டியது. அடுத்த கிழமை கல்.

கொழும்பிலிருந்து போனில் குரல் பதிவு அனுப்புவாய். "வீட்டுப் பக்கம் போனியா? முகம் காஞ்சிடுச்சா?" போனேன்தான். கன்னத்தில் முதல் வெடிப்பு வந்திருந்தது. "சூப்பரா இருக்கு. பல்லு மாதிரிப் பளபளக்குது" என்று பதில் அனுப்பினேன். அந்த நேரத்திலும் என்னால் ஒரு சிலேடையை விட முடியவில்லை பார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் நீ திரும்பி வந்தபோது உன் தலையில் முடி இல்லை, படத்தில் என் நெற்றி இல்லை. வற்றிய குளத்துத் தரை மாதிரி முகம் பாளம் பாளமாக வெடித்து, பாதி உதிர்ந்து நிலத்தில் கிடந்தது. மிச்சம் இருந்த கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டு இருந்தாய்.

"எண்ணெய் கூட ஊத்திட்டேன் போல. எறும்பு வேற வருது, என்னத்தைக் கலந்தேனோ. கை போயிடுச்சுடி எனக்கு." பிறகு உன் அப்பாவைக் கூப்பிட்டாய். "அப்பா, இந்தப் பலகையைக் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கங்க. இனி வேணாம்."

வருத்தம் உன்னிடமிருந்து எதையெதையோ எடுத்துக்கொண்டது. அந்தக் கையை எடுத்தது வருத்தம் அல்ல, நான். உன் அப்பா பலகையைத் தூக்கினார். "வையுங்கோ அங்கிள்" என்றேன். அவர் வெளியே போனபிறகு சொன்னேன். வெள்ளை, பேப்பர், பற்பசை, தீட்டு என்ற சொல், எல்லாம். எனக்குள் எங்கோ ஒரு கழுதை, நீ சிரித்துவிடுவாய் என்று காதைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"வெள்ளை எங்க?"

"வீட்டில. காஞ்சு போச்சு."

நிலத்தில் கிடந்த பாளம் ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "எனக்கு மணக்காதுன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அதற்கு முந்திய கிழமை நீ சொன்னாய், குளிசை தொடங்கியதிலிருந்து சோறுகூட மணக்கவில்லை என்று. "அப்ப கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில உனக்கு மாப்பிள்ளை பாப்பம்" என்று நான் சொன்னேன்.

"நீ சொன்னனீ. நான் மறந்துபோனன்."

"பகிடி விட்டே. நான் சொன்னதைக் கேக்கல நீ, பகிடிதான் விட்டே. அதான் மறந்துபோச்சு." உன் குரல் உயரவேயில்லை. "ரெண்டு மாசம் நான் அங்க படுத்துக்கிட்டு அந்த முகத்தைத்தான்டி நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

எழும்பினேன். எங்கள் ஊரில் போகிறேன் என்று ஒருவரும் சொல்லமாட்டோம். "போயிற்று வாறன்" என்றேன்.

"வராத" என்றாய்.

நான் வரவில்லை. இரண்டு தரம் சைக்கிளில் உன் வீட்டு ஒழுங்கை முடக்கு வரைக்கும் வந்து திரும்பினேன். கோபம் ஆறட்டும் என்று நினைத்தேன். உனக்கு அவ்வளவு நாள் இல்லை என்பதையும், சோறு மணக்காததை மறந்த மாதிரியே, மறந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை உன் அப்பா எங்கள் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருங்கோ அண்ணை" என்று அம்மா கதிரையை எடுத்துப் போட்டார். "இல்லை, நிக்கிறன்" என்றார். நின்றுகொண்டேதான் சொன்னார். அம்மா என்னைக் கட்டிப் பிடித்தார். எனக்குப் பக்கத்தில் நீல நிறக் கதிரைகள் ஐந்து அடுக்கியிருந்தன, ஒன்று குறைவு.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வந்த எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். சீலைத் துண்டால் சுற்றிய பலகை. "இது உனக்குத்தான் பிள்ளை. கடைசிக் கிழமை முழுக்க இதைத்தான் செய்தவள். அஞ்சு நிமிசம் செய்வாள், ஒரு மணித்தியாலம் படுப்பாள். வெள்ளை இல்லையே, என்ன செய்யப் போறாய் எண்டு கேட்டன். இதுக்கு வெள்ளை வேண்டாம் எண்டவள்."

சீலையை எடுத்தேன். வெடித்த முகத்தைப் பலகை தெரியும் வரைக்கும் நீ சுரண்டியிருந்தாய். அந்த இடத்தில் புது முகம். மண் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, மூன்றே மூன்று. ஜன்னல் வெளிச்சம் தோளோடு நின்றுவிடுகிறது, முகம் முழுக்க நிழல். கன்னம் எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கோடு இல்லை. காற்று உள்ளே வருகிறது. வாய் மூடியிருக்கிறது.

"எவ்வளவு சாந்தமா இருக்கிறாய் பார்" என்றார் உன் அம்மா. எங்கள் வீட்டில் மாட்டிய பிறகு வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அமைதி, மென்மை, கோயில் படம் மாதிரி என்கிறார்கள். ஒருவரும் கண்ணைக் கவனிக்கவில்லை. கண் உன்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. வலப் பக்கம், கீழே, படத்துக்கு வெளியே ஓரிடத்தில் குத்தி நிற்கிறது. டைல்ஸ் இருந்த இடம். அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் நீ அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், அது என்ன என்று தெரியாமல். நான் சொன்னபிறகு உனக்கு விளங்கியது. விளங்கியதை அப்படியே கீறி வைத்துவிட்டாய். களவு செய்தவளின் முகம் அது. இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நீ.

மன்னிப்பா, இரட்டைப் பின்னல் கட்டின கழுதையா என்று எனக்குத் தெரியவில்லை. உன் கை போகவில்லை என்பது மட்டும் தெரியும். அதை நீயும் தெரிந்துகொண்டுதான் போனாய் என்று நினைக்கிறேன், அப்படி நினைக்க எனக்கு உரிமை இருந்தால்.

இன்றைக்கும் பல் தீட்டி முடித்து உள்ளே வந்து, படத்தின் முன்னால் அந்தக் கதிரையில் இருந்தேன். உன் வீட்டிலிருந்து அதைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். கையைக் கூடாக்கிப் படத்தில் கதிரையின்மேல் வைத்தேன். சாம்பல். கையை எடுத்தேன். நீலம். நாலு சனிக்கிழமையும் நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், இரு என்று. அது உங்கள் இருவா, எங்கள் இருவா என்று நான் கேட்டதே இல்லை. உட்காரச் சொன்னாயா, பொறுக்கச் சொன்னாயா?

இரண்டையும் செய்துகொண்டு இருக்கிறேன்.